இயல் 6: பிக்கப் டிரக்குக்கு ஆல்-டெரெய்ன் டயர் தேர்ந்தெடுத்தல்

ஓட்டுநர் அறைக்குப் பின்னால் திறந்த சரக்குப் பெட்டி கொண்ட பிக்கப் டிரக், தார்ச்சாலையில் ஓடுவதோடு சாலை முடிந்த இடத்திற்கு அப்பாலும் செல்வதற்காக வாங்கப்படும் வாகனம். நான்கு சக்கர இயக்கம் கொண்ட இத்தகைய வாகனத்தின் எடை காலியாக இருக்கும்போது இரண்டு டன்னை ஒட்டியும் முழுச் சுமையோடு மூன்று டன்னை நெருங்கியும் அமைகிறது. அவ்வளவு எடையும் தரையைத் தொடுவது நான்கு டயர்களின் அடிப்பரப்பால் மட்டுமே என்பதால், இழுவை, பிரேக், திருப்பம் ஆகிய மூன்றின் எல்லையையும் இறுதியில் டயரே தீர்மானிக்கிறது. எஞ்சினின் திறன் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், டயர் தரையைப் பற்றாத இடத்தில் அத்திறன் சக்கரத்தைச் சுழற்றுமே ஒழிய வண்டியை நகர்த்தாது.

டயரின் ஒவ்வொரு திறனும் வேறொரு திறனைச் சற்றே விட்டுக்கொடுத்துத்தான் பெறப்படுகிறது என்பதே இந்த இயலின் அடிப்படை. சேற்றில் நன்றாக இழுக்கும் டயர் மழை நனைத்த தார்ச்சாலையில் தாமதமாக நிற்கிறது. கூர்ங்கல்லைத் தாங்கும் தடித்த பக்கச்சுவர் பயணத்தைக் கடினமாக்கி எரிபொருளையும் கூடுதலாகச் செலவழிக்கிறது. ஆகவே எந்தத் தரையில் எவ்வளவு தூரம், எவ்வளவு சுமையோடு வண்டி ஓடுகிறது என்பதைக் கணக்கிட்ட பிறகே கடைக்குச் செல்வது முறை.

டயர் வகைகளும் அவற்றின் இடமும்

இலகு டிரக்குகளுக்கான டயர்கள் பொதுவாக நான்கு வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஹைவே டெரெய்ன் எனப்படும் எச்.டி. டயர் தார்ச்சாலைக்கானது, அதன் பட்டன்கள், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள், நெருக்கமாக அமைந்திருப்பதால் ஓசை குறைவாகவும் பிரேக் பிடிப்பு உறுதியாகவும் இருக்கும். மட் டெரெய்ன் எனப்படும் எம்.டி. டயர் சேற்றுக்கும் பாறைக்குமானது. பெரிய பட்டன்களுக்கு இடையே அகன்ற பள்ளங்களைக் கொண்ட இது, தார்ச்சாலையில் இரைச்சலோடு ஓடி விரைவாகத் தேய்கிறது. ஆல்-டெரெய்ன் எனப்படும் ஏ.டி. டயர் இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று, தார்ச்சாலையின் பாதுகாப்பை அதிகம் இழக்காமல் மண், சரளை, மணல் ஆகியவற்றில் போதுமான இழுவையைத் தருவதற்காக வடிவமைக்கப்பட்டது. ஏ.டி.க்கும் எம்.டி.க்கும் இடையில் ரக்கட் டெரெய்ன் எனப்படும் ஆர்.டி. வகை பின்னர் தோன்றியது.

ரேடியல் டயரில், உட்புற நார்கள் சக்கரத்தின் மையத்திலிருந்து வெளிநோக்கிக் குறுக்காகச் செல்கின்றன. அவற்றின் மேல் எஃகுப் பட்டைகள் சுற்றி அமைகின்றன. 1946இல் மிஷ்லின் நிறுவனம் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பை இலகு டிரக்குகளின் ஆல்-டெரெய்ன் டயருக்குக் கொண்டுவந்தது 1976இல் வெளிவந்த பிஎஃப் குட்ரிச் ரேடியல் ஆல்-டெரெய்ன் டயர். அதுவரை கரடுமுரடான நிலத்திற்குச் சென்ற வண்டிகள் நார்கள் சாய்வாக ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் பழைய வகை டயர்களையே நம்பியிருந்தன. இந்தியச் சந்தையில் நைலான் டயர் என்று அழைக்கப்படுவது அவ்வகையே. ரேடியல் அமைப்பில் பக்கச்சுவர் வளைந்துகொடுக்கும்போதும் அடிப்பரப்பு தட்டையாகத் தரையில் படிவதால், தேய்மானமும் சூடேற்றமும் குறைகின்றன. இன்று பிக்கப் டிரக்குக்குப் புதிய டயர் வாங்குபவர் ரேடியல், ட்யூப்லெஸ் என்ற இரண்டையும் அடிப்படைத் தகுதிகளாகக் கொள்ளலாம்.

பட்டன் அமைப்பைப் படிக்கும் முறை

டயரின் அடிப்பரப்பில் ரப்பருக்கும் பள்ளத்திற்கும் உள்ள விகிதமே முதலில் பார்க்கவேண்டியது. பள்ளத்தின் பங்கு கூடினால் சேறும் சரளையும் வெளியேற வழி கிடைக்கிறது. குறைந்தால் தார்ச்சாலையைத் தொடும் ரப்பரின் அளவு கூடுகிறது. புதிய எச்.டி. டயரின் பட்டன் ஆழம் பெரும்பாலும் 8 முதல் 10 மி.மீ. வரை இருக்க, ஏ.டி. டயரின் ஆழம் 11 முதல் 15 மி.மீ. வரை அமைகிறது. ஆழம் கூடியிருப்பது நீண்ட ஆயுளுக்கு உதவினாலும், உயர்ந்த பட்டன்கள் பிரேக் பிடிக்கும்போதும் திரும்பும்போதும் சற்றே நெளிவதால் ஸ்டீயரிங்கின் கூர்மை குறைகிறது. இதைத் தவிர்க்க நல்ல தயாரிப்புகளில் பட்டன்களின் அடியில் ஒன்றையொன்று தாங்கும் ரப்பர்ப் பாலங்கள் அமைக்கப்படுகின்றன.

பட்டனின் மேற்பரப்பில் கத்தியால் கீறியதுபோலத் தெரியும் மெல்லிய வெட்டுகள் சைப் எனப்படுகின்றன. சாலையிலுள்ள மெல்லிய நீர்ப்படலத்தைத் துடைத்து ரப்பரை நேரடியாகத் தாரில் படியவைப்பது இவற்றின் பணி என்பதால், மழைக்காலச் சாலைகளில் ஓடும் வண்டிக்கு இவற்றின் எண்ணிக்கையும் ஆழமும் மிக முக்கியமானவை. வெட்டு மேலோட்டமாக இருந்தால், டயர் பாதி தேய்ந்தவுடன் அது மறைந்து ஈரப் பிடிப்பும் குறைந்துவிடும். பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் வரிசையாக இருந்தால், அவை பட்டன்களுக்கு இடையே சிக்கும் ஜல்லிகளை வெளியே தள்ளுவதற்காக அமைக்கப்பட்டவை. அவை இல்லாத டயரில் சிக்கிய கல், சக்கரம் சுழலச் சுழல உள்நோக்கி அழுந்தி எஃகுப் பட்டை வரை துளைத்துவிடக்கூடும்.

எந்தத் தரைக்கு எந்தக் குணம்

தமிழ்நாட்டில் ஓடும் ஒரு பிக்கப் டிரக், ஒரே மாவட்டத்திற்குள்ளேயே முற்றிலும் வேறுபட்ட தரைகளைச் சந்திக்கிறது என்பதால், தரைவாரியாக டயரின் தேவையைப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும்.

கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரங்களில் பரந்து கிடக்கும் கரிசல் மண், நீரை உறிஞ்சினால் பருத்துப் பசையாகும் களிமண் வகையைச் சேர்ந்தது. ஐப்பசி மழையில் நனைந்த கரிசல், ஏ.டி. டயரின் நடுத்தரப் பள்ளங்களைச் சில சுற்றுகளிலேயே நிரப்பி, டயரை மொட்டை டயராகவே மாற்றிவிடுகிறது. அகன்ற பள்ளமுள்ள எம்.டி. டயர் சுழற்சியின் வேகத்தால் சேற்றை உதறித் தள்ளுவதால் இங்கே அதற்குத் தெளிவான மேன்மை உண்டு. ஆனால் கரிசல் நிலத்தில் வண்டி உண்மையாகவே சிக்கும் நாட்கள் ஆண்டில் சில வாரங்களே என்பதையும், அந்த எம்.டி. டயர் மீதி மாதங்கள் முழுவதும் தார்ச்சாலையில் தேயவேண்டியிருக்கும் என்பதையும் நினைத்தால், பெரும்பாலான விவசாயிகளுக்கு ஏ.டி. டயரே பொருந்துகிறது, மழை ஓய்ந்து மண் இறுகும்வரை காத்திருப்பது டயர் மாற்றுவதைவிடச் சிக்கனமான தீர்வு.

தூத்துக்குடி மாவட்டத்தின் செம்மணல் தேரிகளிலும் கடலோர மணலிலும் நிலைமை நேர்மாறானது. மணலில் டயர் மிதக்கவேண்டுமே தவிரத் தோண்டக்கூடாது; ஆழமான, கூர்மையான பட்டன்கள் மணலை வாரி வெளியேற்றி வண்டியைத் தாமே புதைத்துவிடுகின்றன. இங்கே பட்டன் வடிவத்தைவிடக் காற்றழுத்தமும் டயரின் அகல உயரங்களுமே பெரிதும் உதவுவதால், மிதமான பட்டன் கொண்ட ஏ.டி. டயர் எம்.டி. டயரைவிடப் பல நேரங்களில் சிறப்பாக ஓடுகிறது.

இராமநாதபுரம் போன்ற வறண்ட பகுதிகளில் டயருக்குப் பெரும்பகை சீமைக் கருவேல முள். தடித்த அடிப்பரப்பும் ஆழமான பட்டனும் முள்ளின் நுனி உள்ளே போவதைத் தடுக்கும் என்றாலும், பக்கச்சுவரில் ஏறிய முள்ளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அடிப்பரப்பில் ஏற்படும் சிறு பஞ்சரை அடைக்கலாம். பக்கச்சுவர் ஓடும்போது ஓயாமல் வளைந்து நிமிர்வதால் அதில் போடும் ஒட்டு நிலைப்பதில்லை, டயரையே மாற்றவேண்டியிருக்கும். கல்குவாரிக்கும் கட்டுமானத் தளத்திற்கும் செல்லும் வண்டிக்கும் இதே கவலை உண்டு. உடைந்த கருங்கல்லின் விளிம்பு பக்கச்சுவரைக் கிழிக்கும், பட்டனின் ஓரங்களைச் சில்லு சில்லாகப் பெயர்க்கும். இத்தகைய பயன்பாட்டிற்கு மூன்றடுக்குப் பக்கச்சுவரும், வெட்டையும் பெயர்வையும் தாங்கும் ரப்பர்க் கலவையும் கொண்ட டயரையே தேடவேண்டும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற மலைச்சாலையில் சரக்கோடு இறங்கும் வண்டிக்குத் தேவைப்படுவது ஈரத் தார்ப் பிடிப்பும், வளைவில் நெளியாத தோள்பட்டனும், அதாவது அடிப்பரப்பின் இரு ஓரங்களிலும் உள்ள கட்டிகளின் உறுதியும் ஆகும். தோட்டங்களுக்குச் செல்லும் மண்பாதை பயணத்தின் சிறு பகுதியாகவும் மலைச்சாலை பெரும்பகுதியாகவும் இருப்பதால், முரட்டுத் தோற்றமுள்ள டயரைவிடச் சைப் வெட்டுகள் நிறைந்த மிதமான ஏ.டி. டயரே இங்கே உயிர்காக்கும் தேர்வு.

பக்கச்சுவர் எண்கள் சொல்வது

பக்கச்சுவரில் 265/65 ஆர் 17 112 எஸ் என்று பொறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். 265 என்பது டயரின் அகலம் மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. ஆர் என்பது ரேடியல். 17 என்பது டயர் பொருந்தும் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். இவற்றிலிருந்து டயரின் முழு விட்டம் சுமார் 776 மி.மீ. என்று கணக்கிடலாம். அடுத்து வரும் 112 என்பது சுமைக் குறியீடு. அது நேரடி எடையன்று, அட்டவணையில் 1,120 கிலோவைக் குறிக்கும் எண். இதே அட்டவணையில் 110 என்பது 1,060 கிலோ, 116 என்பது 1,250 கிலோ, 121 என்பது 1,450 கிலோ. இறுதியிலுள்ள எழுத்து வேகக் குறியீடு. க்யூ என்றால் மணிக்கு 160 கி.மீ., ஆர் என்றால் 170, எஸ் என்றால் 180, டி என்றால் 190.

அளவுக்கு முன்னால் எல்.டி. என்ற எழுத்துகள் இருந்தால் அது இலகு டிரக்குக்கென்றே கட்டப்பட்ட டயர். அதன் உடல் தடிமனானது, பட்டன் ஆழமானது, கூடுதல் காற்றழுத்தத்தைத் தாங்கக்கூடியது. சுமைத் தரம் சி, டி, ஈ என எழுத்துகளால் குறிக்கப்படுகிறது. சி பழைய கணக்கில் 6 பிளை வலிமைக்கும், டி 8 பிளைக்கும், ஈ 10 பிளைக்கும் இணையானது. பிளை என்பது டயரின் உடலாக அமையும் நார் அடுக்கு. இன்றைய டயரில் உண்மையாக அத்தனை அடுக்குகள் இருப்பதில்லை, வலிமையைக் குறிப்பதற்கே அந்த எண் நிலைத்திருக்கிறது. எல்.டி. டயரில் 121/118 என்பதுபோல இரண்டு சுமைக் குறியீடுகள் இருந்தால், முதலாவது ஒற்றைச் சக்கரமாகப் பொருத்தும்போதும், இரண்டாவது பின் அச்சில் இரட்டைச் சக்கரமாகப் பொருத்தும்போதும் தாங்கும் எடையைக் குறிக்கும்.

இங்கே பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. ஒரே காற்றழுத்தத்தில் எல்.டி. டயர் தாங்கும் எடை, அதே அளவுள்ள சாதாரண டயர் தாங்கும் எடையைவிடக் குறைவு. அதன் முழுத் திறன் உயர் அழுத்தத்தில்தான் வெளிப்படுகிறது. ஆகையால் சாதாரண டயரிலிருந்து எல்.டி. டயருக்கு மாறுபவர் பழைய அழுத்தத்தையே வைத்துக்கொண்டால், வலிமையான டயரைப் பொருத்தியும் சுமைத் திறனைக் குறைத்துக்கொண்டவராகிறார்; டயர் தயாரிப்பாளரின் சுமை-அழுத்த அட்டவணைப்படி அழுத்தத்தை உயர்த்துவது கட்டாயம். மறுபுறம், அமெரிக்க விதிமுறைப்படி பயணிகள் காருக்கான டயரை இலகு டிரக்கில் பொருத்தும்போது அதன் சுமைத் திறனை 1.10ஆல் வகுத்தே கொள்ளவேண்டும்; சரக்கேற்றும் வண்டிக்குக் காரைவிடக் கூடுதல் ஒதுக்கீடு தேவை என்பதே இதன் கருத்து.

இவற்றைத் தொகுத்தால் கிடைக்கும் விதி எளியது. வண்டியின் கதவுத் தூணில் ஒட்டப்பட்ட தகவல் தாளிலோ கையேட்டிலோ உள்ள சுமைக் குறியீட்டிற்குக் குறைந்த டயரை எக்காரணத்திற்காகவும் வாங்கக்கூடாது. அளவோடு சுமை ஏற்றி, பெரும்பாலும் குடும்பப் பயணத்திற்கு ஓடும் வண்டிக்குச் சாதாரண கட்டமைப்புள்ள ஏ.டி. டயர் போதும், நாள்தோறும் முழுச் சரக்கோடு ஓடும் வண்டிக்கும் குவாரிப் பாதையில் ஓடும் வண்டிக்கும் எல்.டி. டயர் தேவை. சுமைத் தரம் ஈ கொண்ட டயரைக் காலியாக ஓடும் வண்டியில் பொருத்தினால், ஒவ்வொரு மேடுபள்ளமும் பயணிகளின் முதுகில் தெரியும்.

அளவை மாற்றலாமா

265/65 ஆர் 17 டயருக்குப் பதிலாக 265/70 ஆர் 17 பொருத்தினால் விட்டம் சுமார் 803 மி.மீ. ஆகிறது. வண்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து உயர்வது வித்தியாசத்தில் பாதியான 13 மி.மீ. மட்டுமே; ஆனால் சுற்றளவு 3.4 விழுக்காடு கூடுவதால், ஸ்பீடோமீட்டர் இயல்பாகக் காட்டும் அளவைவிட உண்மையான வேகம் அதே விகிதத்தில் கூடுதலாக இருக்கும், கியர் விகிதம் உயர்ந்ததுபோல இழுவை மந்தமாகும், கனத்த சக்கரத்தை நிறுத்தப் பிரேக்குகள் கூடுதலாக உழைக்கவேண்டும். முழுதாகத் திருப்பும்போது டயர் மட்கார்டிலோ சஸ்பென்ஷன் பாகத்திலோ உரசுகிறதா என்பதையும் சரக்கேற்றிய நிலையில் சோதிக்கவேண்டும். வாகன உற்பத்தியாளர் அனுமதித்த அளவுகளின் பட்டியலுக்குள் நிற்பதே உத்தரவாதத்திற்கும் காப்பீட்டிற்கும் பாதுகாப்பானது. தேர்ந்தெடுத்த அளவு எதுவானாலும் நான்கு சக்கரங்களிலும் ஒன்றாகவே இருக்கவேண்டும். விட்டம் வேறுபட்ட டயர்களோடு நான்கு சக்கர இயக்கத்தைப் பயன்படுத்தினால், முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல முயன்று இடையிலுள்ள கியர்ப் பெட்டி சேதமடையும்.

கடையில் சரிபார்க்க வேண்டியவை

பக்கச்சுவரில் டாட் என்ற குறியைத் தொடரும் எழுத்து எண் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்கின்றன. 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். ரப்பர் கிடங்கில் இருந்தாலும் முதிர்கிறது என்பதால், நெடுநாள் தேங்கிய டயரைத் தள்ளுபடி விலைக்காக வாங்குவது இலாபமன்று. இந்தியாவில் விற்கப்படும் டயரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கவேண்டும், பயணிகள் வாகன டயருக்கு ஐ.எஸ். 15633 என்ற தரமும் வணிக வாகன டயருக்கு ஐ.எஸ். 15636 என்ற தரமும் பொருந்தும்.

எம்+எஸ் என்ற குறி பள்ளங்களின் வடிவத்தைப் பொறுத்துத் தரப்படுவது. அது சேற்றிலும் பனியிலும் ஓட்டிச் சோதித்ததற்கான சான்றன்று. மூன்று சிகரங்கள் கொண்ட மலைக்குள் பனித்துகள் பொறித்த சின்னமோ, பனியில் ஒப்பீட்டு டயரோடு சோதித்து இழுவையில் வரையறுத்த அளவு மேம்பட்டதாக நிறுவப்பட்ட டயருக்கே தரப்படுகிறது. தமிழ்நாட்டுச் சாலைகளில் இதற்கு வேலையில்லை. ஆனால் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இச்சின்னமுள்ள டயர்கள் சட்டப்படி கட்டாயம் என்பதால், மாண்ட்ரியலில் பிக்கப் டிரக் வைத்திருக்கும் தமிழர் ஏ.டி. டயர் வாங்கும்போது முதலில் தேடவேண்டியது இதுவே.

காற்றழுத்தம் என்னும் கருவி

சக்கரம் ஒன்றின்மேல் 500 கிலோ எடை இறங்குவதாகக் கொண்டால், 32 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 220 சதுர செ.மீ.; அழுத்தத்தை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் அது 400 சதுர செ.மீ.க்கு அருகில் வருகிறது. பக்கச்சுவரின் விறைப்பு இக்கணக்கைச் சிறிது மாற்றினாலும், மணலில் அழுத்தத்தைக் குறைத்தவுடன் புதைந்த வண்டி எழுந்து நகர்வதன் காரணம் இதுவே. 15 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறக்கினால், டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுவிடும் ஆபத்து பெருகுகிறது. குறைந்த அழுத்தத்தில் மெதுவாக மட்டுமே ஓட்டவேண்டும், திடீரெனத் திருப்பக்கூடாது. தார்ச்சாலைக்குத் திரும்பும் முன் பழைய அழுத்தத்திற்கு நிரப்பியாகவேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகமாக ஓடினால் பக்கச்சுவர் அளவுக்கு மீறி வளைந்து, சூடேறி, வெடிக்கிறது. ஆகவே ஏ.டி. டயர் வாங்குபவரின் செலவுப் பட்டியலில் அழுத்தமானியும் வண்டி பேட்டரியில் இயங்கும் சிறு கம்ப்ரசரும் இடம்பெறவேண்டும். இவையின்றி டயரின் பாதித் திறன் பயன்படாமலே போகிறது.

பொருத்திய பின்

ஏ.டி. டயரின் தனித்தனிப் பட்டன்கள் ஒருபக்கமாகத் தேயும் இயல்புடையவை என்பதால், 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை சக்கரங்களை இடம் மாற்றுவது எச்.டி. டயரைவிட இதற்கு மிகவும் அவசியம். ஸ்டெப்னியும் அதே அளவிலும் வகையிலும் இருந்து, இந்தச் சுழற்சியில் சேர்க்கப்பட்டால் ஐந்தும் ஒன்றாகத் தேயும். பள்ளங்களுக்குள் உள்ள தேய்மானக் குறிகள் பட்டன் ஆழம் 1.6 மி.மீ. ஆகும்போது அடிப்பரப்போடு சமமாகின்றன. அது சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை. மழையில் நீரை வெளியேற்றும் திறன் அதற்கு வெகு முன்பே குறைந்துவிடுவதால், 3 மி.மீ. அளவிலேயே மாற்றத் திட்டமிடுவது அறிவுடைமை.

முடிவெடுக்கும் வரிசை

வண்டி ஓடும் தூரத்தில் பத்தில் ஒன்பது பங்கு தார்ச்சாலை என்றால், எஞ்சிய பங்கு உலர்ந்த மண்பாதையாக இருக்கும்வரை நல்ல எச்.டி. டயரே போதும். மண், மணல், சரளை ஆகியவை வாரந்தோறும் பயணத்தில் கணிசமான பங்கு பெற்றால் ஏ.டி. டயர் பொருந்தும், அதில் முள்ளும் கூர்ங்கல்லும் மிகுந்தால் மூன்றடுக்குப் பக்கச்சுவரையும், சரக்கு மிகுந்தால் எல்.டி. கட்டமைப்பையும், மலையும் மழையும் மிகுந்தால் சைப் நிறைந்த பட்டனையும் முதன்மையாகக் கொள்ளவேண்டும். ஆழ்சேறே அன்றாடப் பாதையாக அமைந்தவருக்கு மட்டுமே எம்.டி. டயர். இந்த வரிசையில் அளவு, சுமைக் குறியீடு, தயாரிப்பு வாரம் ஆகிய மூன்றையும் சரிபார்த்த பிறகே விலையும் தோற்றமும் பேச்சுக்கு வரவேண்டும். ஏனெனில் தவறான டயரின் விலை, வாங்கும் நாளில் கொடுத்த பணத்தோடு நிற்காமல், ஈரச்சாலையில் வண்டி கூடுதலாக ஓடி நிற்கும் ஒவ்வொரு மீட்டரிலும் செலுத்தப்படுகிறது.